ராக்கெட் இல்லாமல் விண்வெளிக்குப் போக முடியுமா?

“ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருள்தான் என்றால், பீரங்கியால் சுட்டோ, வானம் வரை லிஃப்ட் அமைத்தோ செயற்கைக்கோளை அனுப்பக் கூடாதா?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விண்வெளி அப்படியொன்றும் தொலைவில் இல்லை. 100 கிலோமீட்டர் உயரம் ஏறினாலே வந்துவிடும். ஆனால், ஏறிய பொருள் கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால், அதற்குப் பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ராக்கெட்டின் எரிபொருளில் பெரும்பங்கு இந்த வேகத்துக்கே செலவாகிறது.

பீரங்கியை எடுத்துக்கொண்டால், 1966 நவம்பரில் அமெரிக்காவின் யூமாவில், கனடாவைச் சேர்ந்த பொறியாளர் ஜெரால்டு புல்லின் குழு, கடற்படைப் பீரங்கியைத் திருத்தியமைத்து ஓர் எறிபொருளை 180 கிலோமீட்டர் உயரத்துக்குச் சுட்டுக் காட்டியது. அது திரும்பி விழுந்துவிட்டது. இன்னும் வேகமாகச் சுட்டிருந்தாலும், பூமியின் ஈர்ப்பிலிருந்து அடியோடு தப்பாத வரையில், விழத்தான் செய்யும். ஏனெனில், தரையிலிருந்து கிளம்பும் நீள்வட்டப் பாதை சுற்றிவந்து தரையிலேயே முடியும். உச்சியில் பக்கவாட்டாக உந்தித் தள்ள ஒரு சிறு ராக்கெட் தேவைப்படும். போதாக்குறைக்கு, குழாய்க்குள் எடை பல்லாயிரம் மடங்காக உணரப்படும் என்பதால், மனிதரை அதில் அனுப்புவது நினைத்துப் பார்க்கக்கூடியதன்று.

லிஃப்ட் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. நிலநடுக்கோட்டில் ஒரு முனையைப் பொருத்தி, 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கும் அப்பால் நீளும் ஒரு வடத்தை, பூமியின் சுழற்சியே விறைப்பாக நிறுத்தி வைக்கும் என்ற கருத்தை ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் 1960-இல் வெளியிட்டார். அந்த வடத்தில் 400 கிலோமீட்டர் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் உயரம்தான் அது. ஆனால் உங்கள் எடை தரையில் இருந்ததில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாக அப்படியே இருக்கும், பிடியை விட்டால் நேராகப் பூமியை நோக்கி விழுவீர்கள். காரணம், அங்கே வடம் உங்களுக்குத் தரும் வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டர்தான். மேலே ஏற ஏற அந்த வேகம் கூடி, 35,786 கிலோமீட்டரில் கையை விட்டாலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். எரிபொருளுக்குப் பதிலாகப் பூமியின் சுழற்சியிலிருந்து வேகத்தைக் கடன் வாங்குகிறோம்.

சிக்கல் வடத்தில்தான் இருக்கிறது. தொங்கவிட்டால் உயர்தர எஃகுக் கம்பி சில பத்துக் கிலோமீட்டரில் தன் எடையாலேயே அறுந்துவிடும். ஒரே தடிமன் கொண்ட விண்வடத்துக்கோ, தரையின் ஈர்ப்பில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளம் வரை தன் எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெலிதாகவும் செய்தால் தேவை குறையும். ஆயினும் அதற்கு நம்பப்படும் கார்பன் நானோ குழாய்களை (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய, வலிமையான குழாய்கள்) இன்றுவரை அத்தகைய நீளத்துக்குக் குறையின்றி இழைக்க முடியவில்லை.

நிலவில் நிலைமை வேறு. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, காற்றும் இல்லை. ஆகவே மின்காந்தத் தண்டவாளத்தில் பொருளை முடுக்கி நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், அது நிலவை விட்டே வெளியேறிவிடும். முதன்முதலில் ராக்கெட் இல்லாத ஏவுதளம் ஒன்று அமையுமானால், அது பூமியில் அமையாது என்றே நான் கருதுகிறேன்.