மலையில் ஒரு சந்து: கோவையும் பாலக்காடும் பக்கத்து ஊர்கள், மழை மட்டும் ஏன் மூன்று மடங்கு?

வணக்கம் நண்பர்களே! கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். கோவையில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலக்காட்டில் அது 2000 மில்லிமீட்டரைத் தொடுகிறது. ரயிலில் ஒரு தூக்கம் போடுவதற்குள் மழை மூன்று மடங்காகிவிடுகிறது! இதைவிட ஆச்சரியமான விஷயம் யானைகள். மலைத்தொடருக்கு நடுவே திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருக்கும் யானைகளும், தெற்கே ஆனைமலைப் பக்கம் இருக்கும் யானைகளும் மரபணு ஆய்வில் தனித்தனிக் கூட்டங்களாகத் தெரிகின்றன. யானைகளைப் பிரித்து வைத்த இதே வழியாகத்தான் மனிதர்கள் இரண்டாயிரம் வருஷமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

[திரையில்: மேற்குத் தொடர்ச்சி மலை வரைபடம். கணவாயில் சிவப்பு வட்டம்]

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1600 கிலோமீட்டர் நீளம். அதில் இருப்பதிலேயே பெரிய இடைவெளி இதுதான், முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். வடக்கே தொட்டபெட்டா 2637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2695 மீட்டர். நடுவில் தரை சராசரியாக 150 மீட்டர்கூட இல்லை. மேகம் மழையாக வேண்டுமென்றால் மேலே ஏறிக் குளிர வேண்டும். மலை அதை ஏற்றிவிடுகிறது. கணவாயில் ஏறுவதற்கு எதுவும் இல்லை. முன்வாசலும் பின்வாசலும் திறந்து கிடக்கும் வீட்டில் வீசுகிற மாதிரி காற்று உள்ளே வந்து அப்படியே கிழக்கே போய்விடும். அதனால்தான் கோவைக்குக் காற்று வருகிறது, மழை அவ்வளவாக வருவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை உடுமலை, பல்லடம் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு இந்தச் சந்துதான் காரணம். மார்கழி, தை வந்தால் காற்று திரும்பிவிடும். கிழக்கிலிருந்து வறண்டு வந்து பாலக்காட்டை உலர்த்தும். கேரளத்தில் வேறெங்கும் பார்க்காத அளவுக்கு இங்கே பனைமரம் நிற்பது அதனால்தான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். வீடு!

கேரளத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வீடு, அதைச் சுற்றித் தென்னை, பலா, மிளகுக்கொடி, அப்புறம் அடுத்த வீடு. 14ஆம் நூற்றாண்டில் மலபார் வழியாகப் போன மொராக்கோப் பயணி இப்னு பதூதாவும் இதையேதான் எழுதியிருக்கிறார்: ஆளுக்கொரு தோட்டம், நடுவில் வீடு, சுற்றிலும் மரவேலி. எழுநூறு வருஷத்துக்கு முன்னால்!

காரணம் தண்ணீர். நல்ல மழை, தோண்டினால் சுலபமாக இளகும் செம்பாறை மண், கொஞ்ச ஆழத்திலேயே ஊற்று. பழைய வீடுகள் பலவற்றில் கிணறு அடுப்பங்கரைச் சுவரை ஒட்டியே இருக்கும். ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு, அதற்கு மேல் ஒரு கப்பி. அடுப்பில் உலை வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே ஒரு வாளி இறைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்காக யாரையும் அண்டி இருக்க வேண்டியதில்லை. அதனால் வீடுகள் தள்ளித்தள்ளி அமைந்தன. தாழ்வான நிலம் நெல்லுக்கு, மேடான பறம்பு வீட்டுக்கு.

கிழக்கே ஏரிப் பாசனம் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். ஏரி ஒன்றுதான். எல்லாரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். தண்ணீர் பாயும் நிலத்தை வீட்டுக்கென்று வீணாக்க முடியாது. அதனால் தெருத்தெருவாக, சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள். ஊர்க் கட்டுப்பாடு, தண்ணீர் முறை, மடையைத் திறக்க ஓர் ஆள் என்று எல்லாமே அந்த ஒரு ஏரியைச் சுற்றித்தான்.

உடனே கொங்கு நண்பர்கள் கேட்பீர்கள், "எங்கள் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, தனியாகத்தானே இருக்கிறது?" மிகச் சரியான கேள்வி! அங்கேயும் கிணறு இருக்கும் இடத்தில்தான் சாளை. ஆனால் அது பாறையை உடைத்து, பல வருஷம் ஆழப்படுத்தி, மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த கிணறு. அதை வெட்ட வசதி இருந்தவர் தோட்டத்துக்குக் குடிபோனார், இல்லாதவர் ஊருக்குள்ளேயே இருந்தார். இதை மாநிலப் பழக்கம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீர் எவ்வளவு ஆழத்தில் கிடைக்கிறது, அதை எடுக்க யாரால் முடிகிறது என்பதுதான் விஷயம்.

[திரையில்: கொழிஞ்சாம்பாறை, கரிசல் வயல்]

இதற்குச் சாட்சி எல்லையிலேயே இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம்: கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி. ஆட்சி கேரளம், புழங்கும் பேச்சில் தமிழ், மண்ணில் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாலக்காட்டில்தான் இந்த இடமும் இருக்கிறது. ஆனால் கடலையும் பருத்தியும் விளைந்த பூமி இது. 1956இல் மாநில எல்லையைப் போட்டது அரசாங்கம். மழை தன் எல்லையை அதற்கு முன்பே போட்டுவிட்டது.

ஆனால் எல்லாம் வானிலைதான் என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாடும் கேரளமும் போட்டுக்கொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் எல்லையோர மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குப் போக வேண்டும். சித்தூர் வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. அதே திட்டத்தின் தண்ணீர்தான் பொள்ளாச்சிப் பக்கத்து மானாவாரிக் காடுகளைத் தென்னந்தோப்பாக்கியது. இப்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே தென்னை, ஒரே வெயில். இந்தப் பக்கம் இறக்கினால் இளநீர், கொப்பரை. அந்தப் பக்கம் பாளையைச் சீவிக் கள் இறக்கலாம், அது கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குப் போகும். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. ஒரே மரம்தான். அதன் வருமானம் எப்படி வரும் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. காற்றும் மழையும் பாதி, கால்வாயும் சட்டமும் பாதி என்பதுதான் என் கணக்கு.

ரோமானியக் காசுகள் கோவை வட்டாரத்தில் கிடைப்பதும், நொய்யல் கரைக் கொடுமணலிலிருந்து மணிகள் மேற்குக் கடற்கரைக்குப் போனதும் இந்த வழியோடு சேர்ந்த கதைதான். அதற்குத் தனி வீடியோ வேண்டும், போடுகிறேன்.

உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் வீடுகள் நெருங்கி இருக்கின்றனவா, தள்ளித்தள்ளி இருக்கின்றனவா? பழைய கிணறு எத்தனை அடி ஆழம்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு கமென்ட்டில் போடுங்கள். வருகிற பதில்களை வரைபடத்தில் குறித்து அடுத்த வாரம் காட்டுகிறேன்.