வரி நோட்டில் பேர் இல்லாதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 10-ஆம் தேதியை உலக வீடற்றோர் தினமாக 2010-இலிருந்து பல நாடுகளில் கடைப்பிடித்து வருகிறார்கள். அன்றைக்கு நம் ஊரில் என்ன செய்யலாம் என்று கேட்டால் பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி என்று பதில் வரும். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தக் காரியத்துக்கென்றே அமைந்தது போல ஒரு கலை நெல்லைச் சீமையில் இருக்கிறது. வில்லுப்பாட்டைத்தான் சொல்கிறேன்.

கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், கதை பாடும் புலவர் எடுத்த எடுப்பில் சாவுக்குப் போய்விட மாட்டார். இன்ன ஊர், இன்னார் பிள்ளை, எப்படி வளர்ந்தான், யாரோடு பிணங்கினான், எங்கே போய்ச் சேர்ந்தான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக் கேட்பார். முத்துப்பட்டன் கதையும் அப்படித்தான் வருகிறது. அண்ணன்மாரோடு மனம் கசந்து வீட்டை விட்டுப் போனவன். சாதியை உதறிவிட்டு பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டினான். மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போன இடத்தில் உயிரை விட்டான். இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொடுத்துக் கும்பிடுகிறார்கள். வீட்டை விட்டுப் போன ஒருவனுக்கு ஊரும் பேரும் கதையும் கொடுத்து நடுவில் உட்கார வைத்த கலை இது.

தெருவில் படுத்திருப்பவர் விஷயத்தில் நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். அவருடைய கதையின் கடைசிப் பக்கம்தான் நம் கண்ணில் படுகிறது. அழுக்கு வேட்டி, சாக்கு, சுருண்டு கிடக்கும் உடம்பு. விழிப்புணர்வுப் படங்களும் அதையேதான் காட்டுகின்றன. பார்த்ததும் பாவமாக இருக்கும், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுப்போம். அதோடு சரி.

நெல்லை ஜங்ஷன் பக்கம் இரவில் தங்கும் ஒரு பெரியவரோடு எனக்குப் பழக்கம் உண்டு. நையாண்டி மேளத்தில் தவில் அடித்தவர். அவரிடம் ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. பணம் வைத்திருக்கிறார் என்று நினைத்துத்தான் ஒருமுறை யாரோ அதைப் பிடுங்கப் பார்த்தார்களாம். திறந்து காட்டினார். உள்ளே தவில்காரர்கள் விரலில் மாட்டும் கூடுகள். துணியில் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் விளிம்பில் பிரிந்திருந்தது. அதை நூலால் கட்டி வைத்திருந்தார். தவில் எப்போதோ கைமாறிப் போய்விட்டது.

“எப்படி அண்ணாச்சி இங்கே வந்தீங்க?” என்று கேட்டேன். பங்குனி, சித்திரை, வைகாசி, அப்புறம் ஆடியில் கொடை இருந்தால் கையில் காசு. மற்ற மாதங்களில் பந்தல் வேலை. வீட்டுக்கார அம்மாவின் வைத்தியச் செலவுக்கு வீட்டை ஒத்திக்கு வைத்தார். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார், வீட்டையும் திருப்ப முடியவில்லை. வாடகை வீட்டுக்குப் போன பிறகு 2020 வந்தது. கொரோனாவில் கொடை நின்றது, மேளமும் நின்றது. “எங்க ஊர் வரி நோட்டுல எம் பேரை அடிச்சிட்டாவ தம்பி” என்றார். கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்தால்தான் ஊர்க்காரர் என்பது நம் பக்கத்து வழக்கம். வீடு போனதைச் சொன்னபோதுகூட அவர் குரல் இவ்வளவு இறங்கவில்லை.

அரசாங்கத்திடமும் ஒரு நோட்டு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு வீடில்லாதவர்களைத் தனியாக எண்ணினார்கள். சாலையோரம், பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேடி எண்ணியதில் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர், தமிழ்நாட்டில் சுமார் 50 ஆயிரம் பேர். ஓர் இரவில் கண்ணில் பட்டவர்கள் மட்டும்தான் இவ்வளவு. நகர்ப்புறத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு வீடற்றோருக்கான ஓர் இரவுபகல் காப்பகம் வேண்டும் என்பது மத்திய அரசுத் திட்டத்தின் கணக்கு. அதே கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4.73 லட்சம். அப்படியானால் நான்குக்குக் குறையக் கூடாது. காப்பகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு வழி சொல்லத் தெரியும்?

காப்பகம் என்றால் வெறும் பாயும் கூரையும் இல்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது வெள்ள நிவாரணம் ரேஷன் கார்டுக்குத்தான் கிடைத்தது. கதவில்லாதவருக்குக் கதவிலக்கம் ஏது, கார்டு ஏது? முதியோர் உதவித்தொகை வாங்கவும் ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றை ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். காப்பகத்தில் ஓர் இடம் கிடைத்தால் மற்ற கதவுகளும் திறக்க வழி இருக்கிறது. ஓட்டுரிமையும் உண்டு. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், அந்த இடத்தில்தான் அவர் தூங்குகிறார் என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்தால் பட்டியலில் பேர் சேரும். மனநலம் குன்றி அலைபவர்களைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் துறையின் கடமை என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ‘பைத்தியம்’ என்று விரட்டுகிற நேரத்தில் ஒரு போன் போடலாம்.

இவ்வளவையும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் யார் படிப்பார்கள்? வில்லில் வைத்தால் கேட்பார்கள். சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயா காந்தியையும் நாட்டு நடப்பையும் வில்லுக்குள் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் பாட்டையும் தெரு நாடகத்தையும் வைத்துத்தான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது. ஆகவே புதுப் பாதை போட வேண்டியதில்லை.

பாட்டு எழுதப்போகிற புலவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கதைக்கு உரியவரிடம் முதலில் சம்மதம் வாங்குங்கள். பேரை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அழவைப்பதற்காகக் கண்ணீரைக் கூட்டாதீர்கள். ஒத்தி, வட்டி, வைத்தியச் செலவு, பிள்ளைகளோடு பிணக்கு, வேலை நின்றது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். கேட்பவர் வீட்டிலும் அதில் ஒரு படி இருக்கும்.

நண்பர்கள் சிலரும் நானும் வருகிற அக்டோபர் 10 இரவு, கடைகள் அடைத்த பிறகு, ஜங்ஷன் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். கொடையில் நடப்பது போலவே முதலில் ஒரு மணி நேரம் நையாண்டி மேளம். பெரியவரிடம் தவில் அடிக்க வருகிறீர்களா என்று கேட்டேன். “தவிலு யார் தருவா?” என்றார். பாளையங்கோட்டையில் ஒருவர் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பம்பைக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நாதஸ்வரம்தான் இன்னும் அமையவில்லை. ஊதத் தெரிந்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சாயங்காலம் ஜங்ஷனுக்கு வந்துவிடுங்கள். சம்பளம் உண்டு.

வணக்கம்.