கோல் அடித்தால்தான் நம்ம பையன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கறுப்பினக் கால்பந்து வீரர்கள் மீது ரசிகர்கள் காட்டும் அன்பு உண்மையானதா, நிபந்தனைக்கு உட்பட்டதா என்பது தலைப்பு. நிபந்தனைக்கு உட்பட்டதே என்று பேச வந்திருக்கிறேன்.

2021 ஜூலை 11, லண்டன் வெம்பிளி மைதானம். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1 என்று சமநிலை. வெற்றியை முடிவுசெய்ய, ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரை எதிர்த்துப் பந்தை அடிக்கும் பெனால்டி ஷூட் அவுட். இங்கிலாந்தின் கறுப்பின வீரர் ராஷ்ஃபோர்டு அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அதே அணியின் கறுப்பின வீரர்கள் சாஞ்சோ அடித்ததையும், கடைசியில் சாக்கா அடித்ததையும் இத்தாலிக் கோல்கீப்பர் டொன்னருமா தடுத்துவிட்டார். இங்கிலாந்து தோற்றது. சாக்காவுக்கு அப்போது வயது 19. அன்றிரவே மூவரின் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் குரங்குப் படங்கள் வந்து குவிந்தன. ‘உன் நாட்டுக்குப் போ’ என்றார்கள். மூன்று பேருமே இங்கிலாந்தில் பிறந்தவர்கள், ஐயா!

‘வெள்ளைக்கார இங்கிலாந்து வீரர் பெக்காமையும்தான் திட்டினார்கள்’ என்றார் எதிரணித் தோழர். உண்மைதான். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கியதற்காக அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் திட்டியது அவர் செய்ததற்காக. அவருடைய பிறப்பை யாரும் கிளறவில்லை. 1996இல் வெம்பிளியிலேயே, ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டியைக் கோட்டைவிட்டவர் கேரத் சவுத்கேட், அவரும் வெள்ளைக்காரர். அவரை எந்த நாட்டுக்குப் போகச் சொன்னார்கள்? பின்னாளில் அவரே இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆனார். 2021இல் அந்த மூவரையும் பெனால்டி அடிக்க அனுப்பியவரும் அவர்தான்.

ராஷ்ஃபோர்டு விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியின் இலவச உணவை நம்பி வளர்ந்த பிள்ளை அவர். 2020 கொரோனா காலத்தில், ஏழைக் குழந்தைகளுக்கு விடுமுறையிலும் உணவு வேண்டும் என்று குரல் கொடுத்து, அரசையே இறங்கிவர வைத்தார். நாடே கொண்டாடியது. அப்புறம் ஒரே ஒரு பெனால்டி தவறியது. உடனே ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர், அரசியலைக் குறைத்து ஆட்டத்தைக் கவனித்திருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பது வேறு விஷயம். பசித்த பிள்ளைக்குச் சோறு கேட்டதுகூட, தோற்ற மறுநாள் குற்றமாகிவிட்டது! பெனால்டிக்கு மன்னிப்புக் கேட்ட ராஷ்ஃபோர்டு, தான் யார் என்பதற்காக ஒருபோதும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார். 23 வயதுப் பையன் இப்படி எழுத வேண்டிவந்ததே என்று எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

‘அதெல்லாம் பழைய கதை’ என்பார்கள். சரி, 2025 ஜூலைக்கு வாருங்கள். மகளிர் யூரோ. இங்கிலாந்தின் கறுப்பினத் தடுப்பாட்டக்காரர் ஜெஸ் கார்ட்டர், தொடர் நடக்கும்போதே இனவெறி வசவு தாங்காமல் சமூக வலைத்தளங்களைவிட்டு ஒதுங்கினார். ஒரே வாரத்தில் இறுதிப் போட்டியில் களமிறங்கினார், கோப்பையும் கிடைத்தது. பாராட்டும் வந்தது. அன்று அவர் சறுக்கியிருந்தால், அதே ரசிகர்களிடமிருந்து என்ன வந்திருக்கும்? எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.