ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்: குறைந்த செலவில் நீல் தீவு

[காட்சி: விடியற்காலை, சீதாபூர் கடற்கரை. கடல் மட்டத்திலிருந்து சூரியன் எழுகிறது. மணலில் காலடித் தடம் எதுவும் இல்லை.]

வணக்கம். இந்தக் காட்சியைப் பதிவு செய்தது மார்ச் மாதக் கடைசியில். கைக்கடிகாரத்தில் அப்போது காலை மணி ஐந்தரை. அதே நாளில் சென்னை மெரினாவில் நிற்பவர் சூரியனைப் பார்க்க இன்னும் அரை மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தமான் தீவுகளோ 93 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் முந்தி நடக்கிறது. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் தீவில் காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பவர் நாளின் மிக நல்ல பகுதியைத் தூங்கிக் கழித்துவிட்டார் என்று பொருள். மாலை ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.

இது அந்தமானின் நீல் தீவு. அரசுப் பதிவுகளில் இதன் இன்றைய பெயர் ஷஹீத் தீவு. முதுகில் ஒரு பையும் அளவான பணமும் மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு வெப்பமண்டலக் கடற்கரையில் சில நாட்களைக் கழிக்க விரும்புகிறவர்களுக்காக இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம்.

[காட்சி: வரைபடம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், அங்கிருந்து நீல் தீவு.]

தமிழ்நாட்டிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சென்னையிலிருந்து விமானத்தில் சென்றால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். கப்பலில் சென்றால் சுமார் மூன்று நாட்களாகும். இரண்டும் சென்று சேர்வது, 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் தலைநகருக்குத்தான். கப்பலில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்புப் பயணச்சீட்டு மலிவு என்பதால் பலர் அதையே சிக்கனம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் கப்பல் மாதத்தில் சில முறைதான் புறப்படுகிறது, தேதிகளும் மாறுகின்றன, மூன்று நாள் சாப்பாட்டுச் செலவும் இருக்கிறது. விடுமுறை பத்து நாள்தான் என்றால், சில வாரங்களுக்கு முன்பே விமானச் சீட்டை எடுத்துவிடுவதுதான் சிக்கனம் என்பது என் கருத்து. கப்பல் பயணத்தையே ஓர் அனுபவமாக விரும்புகிறவர்கள், கையில் நாட்கள் இருந்தால், தாராளமாக அதில் செல்லலாம்.

தலைநகரிலிருந்து நீல் தீவு 40 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. தனியார் விரைவுப் படகுகளும் அரசுக் கப்பல்களும் ஓடுகின்றன. தனியார் படகில் குளிரூட்டிய அறையில் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து செல்லலாம். ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும் அரசுக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். கட்டணம் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், பறக்கும் மீன்கள் நீரைக் கிழித்துக்கொண்டு எழுவதையும் பார்க்கலாம். தீவு மக்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வருவது இந்தக் கப்பலில்தான் என்பதால் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். எனவே சென்று சேர்ந்த அன்றே சீட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கடல் சீற்றமாக இருந்தால் கப்பல் ரத்தாகும். திரும்பும் விமானத்திற்கு முந்தைய நாளையாவது தலைநகரில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய், விமானச் சீட்டு முழுவதையும் இழந்தவர்களைத் துறையிலேயே பார்த்திருக்கிறேன்.

[காட்சி: தீவின் சாலை. இருபுறமும் பாக்கு மரங்கள், காய்கறித் தோட்டங்கள்.]

கடற்கரைக்குப் போகும் முன் தீவின் பெயரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1857 எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் நீலின் பெயர்தான் இந்தத் தீவுக்குச் சூட்டப்பட்டது. அவர் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையும் இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் அணி அணியாகச் சென்று சிறை புகுந்த நீல் சிலை சத்தியாகிரகம் தமிழகத்தின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் முக்கியமானது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை பதவிக்கு வந்த பிறகே அந்தச் சிலை சாலையிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்திற்குப் போனது. தீவின் பெயர் மாற மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 2018 டிசம்பரில், சுபாஷ் சந்திர போஸ் அந்தமானுக்குச் சூட்டிய ஷஹீத் என்ற பெயர் இத்தீவுக்கு வழங்கப்பட்டது. ஆனாலும் கப்பல் துறையில் இன்றும் எல்லோர் வாயிலும் வருவது நீல் என்பதுதான். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே கேட்கலாம்.

இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர், 1960களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பத்தினர். அவர்கள் தங்கள் ஊர்களுக்கு ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். நடுவே கடைத்தெருவும் கப்பல் துறையும் இருக்கும் ஊர் நீல் கேந்திரா. காட்டைத் திருத்தி அவர்கள் உருவாக்கிய தோட்டங்களிலிருந்துதான் தலைநகருக்குக் காய்கறி போகிறது. ஆகவே நீங்கள் வந்திருப்பது முதலில் ஓர் உழவர் தீவு. அதன் விளிம்பில்தான் கடற்கரைகள் இருக்கின்றன.

[காட்சி: மிதிவண்டி. கப்பல் துறையில் இறங்கும் கூட்டம், பிறகு வெறிச்சோடிய அதே துறை.]

அமைதி எங்கே கிடைக்கிறது என்று இப்போது பார்ப்போம். நீல் தீவுக்குக் கூட்டமே வருவதில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். காலையில் படகுகள் வந்ததும் சுற்றுலாக் குழுக்கள் வரிசையாக இறங்குகின்றன. அவர்களில் பலருக்கு இந்தத் தீவில் சில மணி நேரமே ஒதுக்கப்பட்டிருக்கும். பரத்பூரில் கண்ணாடி அடித்தளப் படகு, லக்ஷ்மண்பூரில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம், மதியச் சாப்பாடு, அடுத்த படகு என்று அவர்களின் நாள் முடிகிறது. அந்த நேரத்தில் மட்டும் அங்கே வந்து பார்ப்பவர், இங்கேயும் இரைச்சல்தான் என்று எழுதிவிட்டுப் போவார். அதே பரத்பூர் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நின்றால், வலை உலர்த்துகிறவர்களையும் இரண்டு நாய்களையும் தவிர ஒருவரும் இல்லை. தீவில் மூன்று இரவுகளாவது தங்குகிறவருக்கு விடியலும் அந்தியும் முழுமையாகக் கிடைக்கின்றன. ஒரே வாரத்தில் ஐந்து தீவுகளைப் பார்க்க முயல்வதில் பணம் முழுவதும் படகுக் கட்டணமாகவே போய்விடுகிறது. ஓரிடத்தில் தங்கிவிட்டால் செலவு குறைகிறது, கூட்டமும் உங்களைக் கடந்து போய்விடுகிறது.

நான் தங்கியது மூங்கில் தட்டியும் ஓலைக் கூரையுமாக இருந்த ஒரு குடிலில். ஓர் இரவுக்கு 900 ரூபாய் கொடுத்தேன். மிதிவண்டி வாடகை நாளொன்றுக்கு 150 ரூபாய். தீவு சிறியது, கப்பல் துறையிலிருந்து கிழக்கு முனையிலுள்ள சீதாபூர் ஐந்து கிலோமீட்டர், மேற்கே லக்ஷ்மண்பூர் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ தேவையே இல்லை. கடைத்தெருவில் ஒரு சிறிய கடையில் சோறு, பருப்பு, ஒரு காய், கடுகு அரைத்த குழம்பில் ஒரு துண்டு மீன் என்று 200 ரூபாய்க்குள் வயிறு நிறையச் சாப்பிட்டேன். வங்காளிக் கைப்பக்குவம் என்பதால் நம் நாக்குக்குக் காரம் குறைவாகத் தோன்றலாம். விலைகள் பருவத்தோடு ஏறி இறங்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதலிலும் இந்தக் கணக்கு செல்லாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு, கடலும் அமைதி, அறை வாடகையும் இறங்கியிருக்கும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது. சென்னையிலிருந்து கடலடியில் போடப்பட்டு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட கண்ணாடி இழை இணையக் கேபிள் தலைநகரையும் ஹாவ்லாக் உள்ளிட்ட வேறு ஏழு தீவுப் பகுதிகளையும் நேரடியாக இணைக்கிறது. அந்தப் பட்டியலில் நீல் இல்லை. கைப்பேசியில் பணம் செலுத்த முயன்று கடைக்காரரும் நீங்களும் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்க நேரலாம்.

[காட்சி: லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரை. கடல் வற்றிய நேரம். பாறைத் தளம் வெகுதூரம் தெரிகிறது.]

இனி இந்த வீடியோவின் முக்கியமான பகுதிக்கு வருவோம். நீல் தீவில் எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதைவிட, எந்த நேரத்தில் போவது என்பதே பெரிய கேள்வி. அதற்கு விடை சொல்வது ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது. இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒரு ஏற்றத்திற்கும் அடுத்த வற்றலுக்கும் இடையே ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். அதனால் இன்று காலை எட்டு மணிக்கு வற்றிய கடல் நாளை ஏறத்தாழ எட்டே முக்கால் மணிக்கு மேல்தான் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம்.

முதல் நாள் இதைப் பொருட்படுத்தாமல் நான் லக்ஷ்மண்பூர் பாறைப் பாலத்தைப் பார்க்கப் போனேன். தீவு மக்கள் அதை ஹவுரா பாலம் என்று அழைக்கிறார்கள். கடல் ஏறியிருந்தது, கால் வைக்க இடமில்லை, பாறையில் அலை மோதும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் விடுதிக்காரர் சொன்ன நேரத்தில், கடல் முழுவதும் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனேன். நேற்று நீராக இருந்த இடம் முழுவதும் இன்று பழைய பவளப்பாறைத் தளமாகக் கிடந்தது. அதன் பள்ளங்களில் நீர் தேங்கி நின்றது.

[காட்சி: அண்மைக் காட்சி. நீர் தேங்கிய ஒரு பள்ளம்.]

இந்தப் பள்ளத்தைப் பாருங்கள். நம் வீட்டு அண்டா அளவுதான் இருக்கும். நிழல் விழாதபடி ஓரமாகக் குந்தி, இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். முதலில் நீர் மட்டுமே தெரியும். பிறகு, கறுப்புத் தோல் உருளை போலக் கிடப்பது கடல் அட்டை என்று புரியும். பாறை இடுக்கிலிருந்து ஐந்து மெல்லிய கைகளை நீட்டி நெளிவது, நட்சத்திர மீனுக்கு உறவான நொறுங்கு நட்சத்திரம். விளிம்பில், நெளிநெளியான இரண்டு ஓடுகளுக்கு நடுவே நீல நிற உதடு போலத் தெரிவது பெருஞ்சிப்பி. உங்கள் கை நிழல் அதன்மேல் பட்டதும் அது மெதுவாக வாயை மூடிக்கொள்ளும். எதையும் தொடாதீர்கள். பவளத்தின் மேலும் கால் வைக்காதீர்கள், ஏனென்றால் வெறும் பாறை போலத் தோன்றும் இடத்திலும் உயிர் இருக்கக்கூடும். மிதித்து உடைந்த கிளை மறுபடி வளரப் பல ஆண்டுகளாகும். பிடிப்புள்ள செருப்பு அணிந்து, மணல் தெரியும் இடமாகப் பார்த்து நடந்தால் உங்கள் காலுக்கும் காயமில்லை. கடல் திரும்பி ஏறத் தொடங்கியதும் புறப்பட்டுவிடுங்கள். பாறைத் தளத்தில் நீர் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் ஏறும்.

குளிப்பதற்கும் நீருக்கடியில் பார்ப்பதற்கும் இதற்கு நேர்மாறான நேரம் வேண்டும். பரத்பூரில் கடல் ஏறியிருக்கும்போதுதான் நீந்தும் அளவுக்கு நீர் இருக்கும். வற்றிய நேரத்தில் நெடுந்தூரம் போனாலும் முழங்கால் நனையாது. முகமூடியும் மூச்சுக்குழாயும் ஊரிலிருந்தே கொண்டுவந்தால் தினமும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. சீதாபூரில் அலை வேகமாக இருக்கும் என்பதால் அங்கே சூரிய உதயம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உப்புநீர் முதலைகள் அந்தமான் முழுவதும் உண்டு. ஆகவே அலையாத்திக் காடும் ஓடையும் கடலில் சேரும் இடங்களில் இறங்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை அப்படியே மதியுங்கள். அந்தி நேரத்தில் மணலில் உட்காருகிறவர்களை மணல் ஈக்கள் கடிக்கும். கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது பலரும் சொல்லும் கைமருந்து, எனக்கு அது பலன் தந்தது.

நன்னீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியிருந்தும் கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருகிறது. சிறிய தீவில் மழைநீரைத் தேக்கிவைக்க இடம் குறைவு. மார்ச், ஏப்ரலில் தங்குகிறவர்கள் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து முடிப்பதை, விடுதிக்காரர் கேட்காமலேயே செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். கொண்டுவந்த பிளாஸ்டிக் உறைகளையும் பையிலேயே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.

[காட்சி: மணலில் ஒரு சங்கு நகர்கிறது. அதற்குள் துறவி நண்டு.]

கரையில் கிடக்கும் சங்கு அழகாக இருக்கிறது என்று ஒன்றை எடுத்தேன். சில நொடிகளில் அதற்குள்ளிருந்து சிவந்த கால்கள் வெளியே வந்தன. துறவி நண்டுக்குத் தனக்கென ஓடு கிடையாது. வளர வளர, காலியாகக் கிடக்கும் பெரிய சங்குகளைத் தேடி அது குடிமாறுகிறது. நாம் பையில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு வெற்றுச் சங்கும் அதற்கு ஒரு வீடு குறைவது. பவளத்தையும் பல வகைச் சிப்பிகளையும் எடுத்துச் செல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. விமான நிலையச் சோதனையில் அவற்றைப் பறிமுதல் செய்கிறார்கள்.

[காட்சி: கப்பல் துறை, பிற்பகல்.]

திரும்பும் நாளில் கப்பல் நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்பே துறையில் இருங்கள். பயணச்சீட்டோடு அடையாள அட்டையும் கேட்பார்கள். உங்களுக்கு முன்னால் வரிசையில் கத்தரிக்காய் மூட்டைகளும் வாழைத் தார்களும் நிற்கும். அவை மறுநாள் காலைச் சந்தைக்குப் போக வேண்டியவை. அவை ஏறும் வரை சற்று ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.