அப்பாவின் ஹெரால்டு: எடுப்பதா, எடைக்குப் போடுவதா?

வணக்கம் மக்களே. ஏற்காட்டில் சித்தப்பா வீட்டு ஷெட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தார்ப்பாய்க்குள் இருப்பதுதான் போன வீடியோவில் ஓரமாகத் தெரிந்த வண்டி. அப்பாவுடையது. சித்தப்பாவுக்கு மிளகு மூட்டை வைக்க இடம் வேண்டுமாம். பல வருஷம் பொறுத்துவிட்டார், இனி அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் இன்றைக்கு முடிவு எடுத்தாக வேண்டும்: பட்டறைக்கா, காயலான் கடைக்கா?

தார்ப்பாயை எடுக்கிறேன். தூசிக்கு மன்னிக்கவும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 1966-ல் பதிவானது. இங்கிலாந்தில் 1959-ல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த அதே கார்தான். இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வண்டலூரில் செய்தது. அம்பாசிடர் வங்காளத்துக்காரன், பியட் பம்பாய்க்காரன், இவன் ஒருத்தன்தான் நம்ம ஊர்க்காரன் என்பார் அப்பா. வண்டலூரில் பிறந்ததால் தமிழ் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ, ஏற்றத்தில் திணறினால் அதட்டுவார்.

அப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். அஸ்தம்பட்டியில் வீடு, வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் மலை மேல் காபி எஸ்டேட்டுகளில். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வண்டியின் எஞ்சின் 948 சிசி, 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. முதல் கியருக்கு சிங்க்ரோவும், அதாவது ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பும், கிடையாது. செங்குத்தான வளைவில் செகண்டு இழுக்காது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்ட் போட்டால் பல் கடிக்கும். அப்பா கிளச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஒரு தடவை ஆக்சிலரேட்டரைத் தட்டி, சத்தமே இல்லாமல் போடுவார். அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. இதையெல்லாம் ஈடுகட்ட ஒரு நல்ல குணமும் உண்டு: இது 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடிக்கும். அம்பாசிடர்க்காரர்கள் அகலமாகச் சுற்றிவரும் இடத்தில் இது அப்படியே திரும்பும்.

சரி, பழம்பெருமை போதும். திறந்து பார்ப்போம்.

இதைப் பார்க்காதவர்கள் பாருங்கள். இரண்டு பக்கமும் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கொக்கி. இரண்டையும் விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்துவிடும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். உள்ளே சில்வர் ஓக் சருகு. எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. வயரில் பாதி அதன் வயிற்றுக்குள் போய்விட்டது, அதை எண்ணி வருத்தப்படவில்லை. பழைய வயர் எப்படியும் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் இறுகியிருக்குமோ என்று பயந்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் ஆயில் ஊற்றி ஊறவிட்டிருந்தோம். பாட்டரி கொடுத்து ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்கலாம் என்று பலர் அவசரப்படுவார்கள். செய்யாதீர்கள். துருப்பிடித்த ரிங் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். புல்லியில் ஸ்பானர் போட்டு, கையால், மெதுவாக. இதோ பாருங்கள், நகர்கிறது. எஞ்சின் பிழைக்கும்.

ஆனால் இந்த வண்டியின் தலையெழுத்து எஞ்சினில் இல்லை. கேமராவைக் கீழே இறக்குகிறேன்.

பியட் மாதிரி பாடியே எலும்பாக இருக்கும் கார் இல்லை இது. அடியில் தனி சேசிஸ். நடுவில் இரண்டு நீளக் கட்டைகள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டுகிறேன், கேளுங்கள். நடுக்கட்டையில் டங் டங் என்கிறது. இங்கே, பக்கக் கையில்? சத்தமே அமுங்கிவிட்டது. முனையை வைத்து லேசாக அழுத்தினால், ஐயோ, பிஸ்கட் மாதிரி உள்ளே போகிறது. மலை ஈரம் செய்த வேலை. சேலம் வெயிலில் நின்றிருந்தால் ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும், இரும்பு தப்பித்திருக்கும்.

கைகள் போனால் புதிதாகச் செய்து பற்றவைக்கலாம். சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி சேசிஸில் விளையாடுகிற ஆட்கள் இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தகடு மெல்லியது, லாரிக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் ஓட்டை விழும், பொறுமையான கை வேண்டும் என்றார் நம்ம டிங்கரிங் அண்ணன். பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை வண்டியைத் தூக்கி நிறுத்தினால்தான் சொல்ல முடியும்.

அப்புறம் முன்சக்கரம். சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டு பித்தளை, உள்ளே மரை. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும். காய்ந்து கிடந்தால் உள்ளே திரும்பும் இரும்புத் தண்டு துருப்பிடித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் படுத்துக்கொள்ளும். அது பதினைந்தாவது வளைவில் இறங்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளையாக இங்கிலாந்தில் இந்தக் காரை இன்னும் ஓட்டுகிறார்கள், அதனால் இந்தப் பாகமும் பிரேக் சிலிண்டரும் புதிதாகவே வாங்க முடிகிறது. கப்பல் கூலியும் சுங்கமும் நம் தலையில்.

ஒரு பட்டறையில் பெயிண்ட், சீட், குரோம் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் சொன்னார்கள். அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் பளபளப்புக்கு. பிரேக்குக்கு ஒரே வரி. இன்னொருவர், "மாருதி எஞ்சினை உட்கார வைச்சிடலாம் கண்ணு, ஏசிகூடப் போடலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எஞ்சினை மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வேண்டும், அது தனிக் கதை.

சட்டத்தையும் பார்த்துவிட்டேன். 2021-ல் விண்டேஜ் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நம்பரை வைத்து அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். மற்ற வழி, பதிவைச் சாதாரணமாகப் புதுப்பிப்பது. அப்பா பெயரில் இருப்பதால் முதலில் வாரிசு சான்றிதழோடு படிவம் 31, பிறகு புதுப்பிக்கப் படிவம் 25. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கான கட்டணத்தை 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். விட்டுப்போன மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் மாதம் 500. அதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் காயலான் கடை ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் அம்மாவைக் கேட்டேன். அழுவார், அப்பா நினைவாக வைத்துக்கொள் என்பார் என்று எதிர்பார்த்தேன். "உங்கப்பாவுக்கு அது கார். எனக்கு அது வாந்தி" என்றார். எலுமிச்சம்பழம் கையில் இல்லாமல் அம்மா இதில் ஏறியதே இல்லை. பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கிவிட்டுத்தான் போக வேண்டும், உள்ளே போனால் இறங்க முடியாது. "ஓட்டறதுன்னா எடு கண்ணு. துடைச்சு வச்சுப் பாக்கறதுன்னா எடைக்குப் போடு. எனக்கு வீட்ல சிலை வேண்டாம்."

எனக்கு முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது. ஓட்டத்தான் எடுக்கிறேன். அதனால் விஏ நம்பர் வேண்டாம், சாதாரணப் புதுப்பிப்புதான். பணம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகும்: சேசிஸ் கைகள், பிரேக், முன் மூட்டுகள், வயரிங், டேங்க். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதைத் தாங்காது. அதனால் பெட்ரோல் ஹோஸும் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்கேற்றதாக மாற வேண்டும். பெயிண்டைத் தொடப்போவதில்லை. இந்தக் கதவில் இருக்கும் கீறலும் இந்த வெளுத்த நீலமும் அப்படியே இருக்கட்டும். பார்க்க அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும், நான் உள்ளேதானே உட்காரப்போகிறேன்.

ஒரு நிபந்தனை. பின் ஸ்பிரிங் இடத்தில் நடுக்கட்டையே அரித்திருந்தால் நிறுத்திவிடுவேன். ஹெரால்டு வைத்திருக்கும் யாருக்காவது பாகங்களுக்காகக் கொடுத்துவிடுவேன். அப்போதும் காயலான் கடைக்கு இல்லை. இந்த கியர் பாக்ஸையும் கண்ணாடியையும் எடை போட்டு விற்க மனசு வராது.

செவ்வாய்க்கிழமை லாரி வருகிறது. பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி மலையிறக்க முடியாது, மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டலாம்பட்டி பக்கம் பட்டறை, அங்கே தூக்கி நிறுத்தியதும் அடுத்த வீடியோ. ஆத்தூர், நாமக்கல் பக்கம் யார் வீட்டிலாவது ஹெரால்டு பின் ஸ்பிரிங் பட்டை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம். சித்தப்பா, இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, பானட்டை மூடணும்.