கொம்பு முந்துமா, எழுத்து முந்துமா?

நேயர்களுக்கு வணக்கம்.

"ஒன்றாம் வகுப்புக்குத்தானே பாடம் எடுக்கிறீர்கள், அதில் என்ன சிரமம்?" என்று உறவினர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் நோட்டில் இருக்கும் பிழைகளை ஒரு முறையேனும் உட்கார்ந்து படித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அவற்றுள் இரண்டு பிழைகளைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

'கொடி' என்று எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி முதலில் 'க' எழுதினாள்; அதற்குப் பின்னால் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்துப் போட்டாள். பார்ப்பவருக்கு அது கவனக்குறைவாகத் தோன்றும். ஆனால், வாயில் 'க்' என்னும் ஒலிதான் முதலில் பிறக்கிறது, 'ஒ' பிறகே வருகிறது. அதற்கு முன் அவள் படித்திருந்த கா, கி, கீ எல்லாவற்றிலும் எழுத்தை எழுதிய பிறகே குறியைச் சேர்க்க வேண்டியிருந்தது. தான் கண்ட வழக்கத்தையும் காதில் விழுந்த வரிசையையும் கொண்டு அவளே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டாள். பின்னால் ஒலிக்கும் உயிருக்கு உரிய கொம்பை முன்னால் எழுதும் நம் எழுத்துமுறைதான் அந்த விதிக்கு ஒத்துவரவில்லை.

உகர வரிசையோ இன்னும் கடினமானது. கு, சு, டு, து ஆகிய நான்கிலும் ஒரே உயிர்தான் இருக்கிறது. வடிவமோ நான்கும் நான்கு விதம். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் லை, ணை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. உகர, ஊகார வரிசைகளை அப்படியே விட்டுவிட்டது. ஆகவே 247 எழுத்துகளில் இந்த வரிசைகளை மட்டும் குழந்தைகள் ஒவ்வொரு வடிவமாக நினைவில் வைத்தாக வேண்டும். அதற்காகவே இவற்றுக்கு நான் கூடுதலாக இரண்டு வாரங்கள் ஒதுக்குவேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் 'க' வெவ்வேறாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லி எந்த ஒன்றாம் வகுப்பிலும் பாடம் நடத்துவதில்லை. சொல் முன்பே காதுக்குப் பழகியிருப்பதால் குழந்தை தானாகவே சரியாக வாசித்துவிடுகிறது. கதையும் பாட்டும் பொழுதுபோக்கு அல்ல என்று நான் வாதாடுவது இதனால்தான். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தைக்கு எழுத்தைக் காட்டுவதற்கு முன் அந்தச் சொற்களைப் பேசிப் பழக்கும் காலம் தேவைப்படுகிறது.

கொரோனாக் கால விடுமுறைக்குப் பிறகு, வகுப்பறையையே அதிகம் பார்த்திராத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளாகப் பிரித்தது. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்தது நல்ல முடிவு என்பதே என் கருத்து. ஒரே அறையில் மூன்று நிலைகளையும் ஓர் ஆசிரியரே கவனித்துக்கொள்வது எளிதன்று என்பதும் உண்மை.

இனி எண்ணுக்கு வருவோம். 'நூற்று ஐந்து' என்று சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 1005 என்று எழுதுவார்கள். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5. கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறார்கள். கொடியில் கொம்பைப் பின்னால் போட்ட அதே நியாயந்தான் இங்கும் இருக்கிறது. நம் எண்ணுப் பெயர்களும் அவர்களைச் சிறிது ஏமாற்றுகின்றன. எண்பதுக்கு அடுத்த பத்து 'ஒன்பது' என்று தொடங்காமல் 'தொண்ணூறு' என்று வருகிறது. நூறு இல்லாத எண்ணின் பெயரில் 'நூறு' கேட்கிறது.

இந்தப் பிழையைச் சிவப்பு மையால் திருத்த முடியாது. கையால் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டும். ஆணிகளில் மணிகளைக் கோத்து எண்ணும் ஆணிமணிச் சட்டம் பள்ளியில் இருந்தது. ஆனாலும் எனக்குக் குச்சிகள்தான் கைகொடுத்தன. பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்க வேண்டும். ஒரு சிறுவனிடம் ஒரு கட்டையும் மூன்று தனிக்குச்சிகளையும் கொடுத்து எண்ணச் சொன்னேன். அவன் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு ஒன்றிலிருந்து எண்ணினான். அவனே கட்டிய கட்டுதான் அது. ஆனாலும் அவன் அதை நம்பவில்லை. ஏறக்குறைய மூன்று வாரங்கள் நாள்தோறும் அவிழ்த்தான், எண்ணினான், திரும்பக் கட்டினான். பிறகு ஒரு நாள் கட்டை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு, "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு" என்றான்.

அடுத்த ஆண்டு பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, அதனுடன் ஐந்து தனிக்குச்சிகளையும் அவன் முன் வைத்தேன். கீழ்மட்டக் கரும்பலகையில் 1 எழுதினான். சற்று நின்றான். பிறகு 0 போட்டு, 5 எழுதினான். நடுவில் எதற்குச் சுழி என்று கேட்டேன்.

"சின்னக் கட்டு தனியா ஒண்ணுகூட இல்லியே டீச்சர், அதான்" என்றான்.