வெளுத்துப்போன வானம்

வணக்கம் நேயர்களே. சித்திரை மாத மத்தியானத்தில் இரணைமடுக் குளக்கட்டில் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால் என்ன வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முகம் நன்றாக இருக்கும், கட்டுப் புல்லும் தெரியும். தலைக்கு மேலே மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டியதுபோல ஒரு வெறுமை. நீலத்தையும் காணோம், முகிலையும் காணோம். கண்ணுக்குத் தெரிந்த வானம் எங்கே போனது என்று போனைத் திட்டுவோம்.

போனில் பெரிய பிழை இல்லை. நம் கண் நிழலையும் வெயிலையும் சேர்த்துச் சமாளித்துக்கொள்ளும். போனுக்குள் ஒளியைப் பதியும் சென்சருக்கு அந்த வல்லமை குறைவு. அதோடு வன்னி ஏறக்குறைய 9 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கும். கண்குழியும் மூக்கடியும் இருண்டுவிடும். போன் முகத்தைத் தேடிப் பிடித்து அதற்காக வெளிச்சத்தைக் கூட்டும். முகம் தப்பும், வானம் போய்விடும்.

போய்விடும் என்றால் எப்படி? ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமித்த சாதாரண படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். மூன்றும் 255-ஐத் தொட்டால் முழு வெள்ளை. அதற்கு மேல் எத்தனை மடங்கு வெளிச்சம் வந்தாலும் அதே 255தான். அந்த இடத்தில் முகில் இருந்ததா, கொக்கு பறந்ததா என்ற தகவலே பதியவில்லை. பதியாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பிரகாசத்தைக் குறைத்துப் பார்த்தால் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். “இந்தப் படத்திலை வானத்தைக் கொஞ்சம் எடுத்துத் தாங்கோ அண்ணை” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

ஆகவே வைத்தியத்தை எடுக்கும்போதே பார்க்க வேண்டும். போன் திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியை விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்திலே சின்னதாக ஒரு சூரியக் குறி வரும். அதை மெல்லக் கீழே இழுங்கள். முகிலின் ஓரம் தெரியத் தொடங்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். ஆள் கொஞ்சம் இருட்டாகத் தெரிவார், பயப்படாதீர்கள். கமரா வைத்திருப்பவர்கள் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி மைனஸ் 1-க்குக் கொண்டுபோனால் வெளிச்சம் பாதியாகும். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இருட்டுக்குள் கிடப்பதைப் பிறகு வெளியே எடுக்கலாம். கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வரும், வரட்டும். கமராவில் ரோ (RAW) வடிவம், அதாவது சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, இருந்தால் அதிலேயே எடுங்கள். 14 பிட் ரோவில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. வீட்டுக்கு வந்து படம் திருத்தும் மென்பொருளில், வெளிச்சமான பகுதிகளுக்கான ஹைலைட்ஸை இடப்பக்கம் இழுத்தால், முழுதாய் வெளுத்துப்போகாத முகில் திரும்பி வரும். நிழலை மட்டும் தனியே கூட்டிக்கொள்ளலாம்.

எச்டிஆர் என்ற வசதி பல போன்களில் இருக்கிறது. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து ஒன்றாக்கித் தரும். வட்டாப்பளை அம்மன் கோவிலை எடுக்கிறீர்களா, நல்லது, கோபுரம் அசையாது. சோளகக் காற்றில் ஆடும் பனையோலையை எடுத்தால் சில வேளை ஓலை இரட்டையாக விழும்.

இந்தத் தலையிடி புதிதும் அல்ல. 1850களின் படத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் மிகை உணர்ச்சி கொண்டவை என்பதால் வானம் வெறுமையாகத்தான் வந்தது. பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து அடிவானத்தில் பொருத்தி அச்சிட்டார். என்ன பொறுமை! இன்று ஃபோட்டோஷொப்பில் 2020 முதல் வானத்தை மாற்றும் வசதி இருக்கிறது, ஒரு சொடுக்கில் வேலை முடிந்துவிடும்.

அந்த ஒரு சொடுக்கில்தான் எனக்குக் கோபம். கலியாண அல்பங்களைப் பாருங்கள். நந்திக்கடலோரத்திலும் மாங்குளத்திலும் அச்சொட்டாக ஒரே செவ்வானம், ஒரே முகில். கீழே தண்ணீரோ பழைய வெள்ளையையே காட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளையின் மூக்கடி நிழல் மத்தியானம் என்று சொல்லும், பின்னால் பொழுது சாயும். பின்னணியில் பனை நின்றால் இன்னும் மோசம். படத்தைப் பெரிதாக்கி ஓலை நுனிகளைப் பாருங்கள், ஈர்க்குகளுக்கு இடையில் பழைய வானம் வெள்ளைச் சிராய்களாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால், அதே இடத்தில் அதே வேளையில் வானத்தை மட்டும் தனியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதை ஒட்டலாம். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

சரி, மாரி காலம்? அப்போது வானமே வெள்ளைதான். நாள் முழுக்க மூடிக்கிடக்கும், மீட்க ஒன்றும் இல்லை. வானத்தோடு மல்லுக்கட்டாமல் அதைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். குளக்கட்டில் ஏறிநின்று கமராவைச் சற்றுக் கீழே சாய்த்தால் படம் முழுக்கக் காலபோக வயலின் பச்சைதான். அந்த மூடல் வெளிச்சத்தில் முகத்தில் நிழலும் விழாது, யாரும் கண்ணைச் சுருக்கவும் மாட்டார்கள்.